எண்பத்தோரு ஓட்டை

மார்ச் 3, திங்கள்

சொல்லுகிறவன் தீர்த்தகிரி, வயது எழுபத்தாறு. எழுதுகிறவள் என் பெண்சாதி உண்ணாமலை. எனக்கு எழுத்து தெரியாது. அவள் அறிவொளி வகுப்புக்குப் போய்ப் படித்தவள். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். மாற்றட்டும். விஷயத்தை மாற்றாமல் இருந்தால் சரி.

இன்று காலை மலைமேல் இருக்கும் வானாய்வு நிலையத்திலிருந்து ஜீப் வந்தது. முப்பத்துநாலு வருஷம் நான் வேலை பார்த்த இடம். அதில் பாதிக்கு மேல் தினக்கூலி. வந்தவர் பெனிட்டா என்கிற டாக்டர் அம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நட்சத்திர டாக்டர். நாகர்கோவில் பக்கம். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தோம். சாக்கு விரிக்கும்வரை காத்திராமல் ஓட்டுக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்தி சேஷகிரி சார்கூட ராத்திரி வேலை பாத்தது நீங்கதானே? அந்த ஆயுத பூஜை சமயத்துல ஒரு நட்சத்திரம் பதினோரு ராத்திரி மங்கிக் கிடந்துச்சுன்னு சார் எழுதியிருக்காரு. ஞாபகம் இருக்கா?"

நட்சத்திரத்துக்கு ஓர் எண் சொன்னார். எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எந்தத் திசை, எந்த மாசம், பக்கத்தில் என்ன இருக்கும் என்று கேட்டேன். சொன்னார்.

"அது செவலை ஆச்சேம்மா" என்றேன். சிவப்பாக இருப்பதால் நான் வைத்த பெயர். "அது மங்கல."

"மங்கலன்னா?"

"மங்கலன்னா மங்கலதான். நாங்க மங்க வச்சோம்."

அவர் கையில் இருந்த புளி கீழே விழுந்தது. மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இப்ப சொல்லாதீங்க. தேதி போட்டு எழுதி வைங்க. நான்தான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தரும் பேசப்படாது பாத்துக்கிடுங்க. பழைய தாள் ஒண்ணையும் உங்ககிட்ட காட்டவும் மாட்டேன்."

போன வருஷம் உரக்கடையில் கொடுத்த டைரி இது. தேதியை அடித்துவிட்டு உண்ணாமலை புதுத் தேதி போட்டிருக்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

பெனிட்டா அம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இது. வானத்துக்கு ஒரு தொலைநோக்கி அனுப்பியிருக்கிறார்கள். அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. நாங்கள் மலைமேல் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்துப் பார்த்தோமே, அதே வேலை. எது எவ்வளவு சூடு என்று எண் கொடுக்கும். அந்த எண் சரிதானா என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் சில பிரகாசமான நட்சத்திரங்களை எடைக்கல் மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். இன்று காட்டு, அடுத்த மாசம் காட்டு, அடுத்த வருஷம் காட்டு. நட்சத்திரம் மாறாது. எண் மாறினால் கருவி தேய்கிறது என்று அர்த்தம்.

அந்த எடைக்கல் பட்டியலில் செவலை முதலில் இருக்க வேண்டியது. மற்ற நட்சத்திரங்கள் வருஷத்தில் பாதி நாள் அந்தத் தொலைநோக்கிக்கு மறைந்துபோகுமாம். செவலை எந்த மாசமும் தெரியும். ஆனால் சேஷகிரி சார் எழுதிய கட்டுரையால் அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒருமுறை மங்கியது மறுபடியும் மங்காது என்று என்ன நிச்சயம் என்கிறார்கள். இந்த மாசம் இருபத்தொன்றாம் தேதி பட்டியலை மூடுகிறார்கள்.

முப்பத்தெட்டு வருஷமாக அது திருட்டுப் பட்டத்தோடு நிற்கிறது. எனக்கு இத்தனை நாள் தெரியாது. சார் ஏதோ எழுதினார், எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

மார்ச் 5, புதன்

புளி. கை வலிக்கிறது என்றாள். எழுதவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

செவலை மிகவும் பிரகாசம். நேராகப் பார்த்தால் கருவி திணறி, முள் ஓடிப்போய் ஓரத்தில் முட்டிக்கொள்ளும். அதனால் தொலைநோக்கியின் வாய்க்கு ஓர் அலுமினியத் தட்டு மாட்டுவோம். மறைப்புத் தட்டு என்று பெயர். அதில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டைகள், ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது, மொத்தம் எண்பத்தொன்று. அந்த ஓட்டை வழியாக வருகிற கொஞ்சத்தை அளந்து, தட்டு இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று சார் பெருக்கி எழுதுவார். மற்ற நட்சத்திரங்களுக்குத் தட்டு வேண்டாம். செவலைக்கு மட்டும்தான். ஏணியில் ஏறி இருட்டில் தடவி மாட்டுவது என் வேலை.

அந்த வருஷம் மழை தள்ளிப்போனது. ஆயுத பூஜை அன்று எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஸ்பேனர், ஏணி, நைட்ரஜன் குடுவை, ஜீப். பூஜை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குக் கீழே போனார்கள். தட்டு வாழையிலைமேல் படுக்க வைத்திருந்தது. அன்று தொலைநோக்கி இருக்கும் டோமுக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். வேலைக்காரர் வீட்டுப் பெண்கள் வாசல் சங்கிலியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று அப்போது கட்டுப்பாடு. மீறினால் தினக்கூலிக்காரனுக்கு மறுநாள் வேலை இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன் என்று இன்னொரு முறை எழுது.

தட்டில் சந்தனம் வைத்தது நான். ஒன்பது பொட்டு. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குறுக்காக, ஓட்டைக்கு ஓட்டை நிரப்பி.

இங்கே பேனா நின்றுவிட்டது. மை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

இலைமேல் கிடந்ததால் சந்தனம் அடியில் ஒழுகாமல் அப்படியே இறுகிவிட்டது. அன்று ராத்திரி தட்டைத் தூக்கும்போதே என் விரலுக்குத் தெரிந்தது. பூஜைப் பொட்டை நாமாக அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும். அப்படித்தான் எங்கள் பக்கம். நல்லதுதானே என்று மாட்டினேன். அது வெளிச்சத்தை அடைக்கும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் தட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தபோதுதான் உதிர்ந்தது போக நாலு ஓட்டை குருடாக இருந்தது தெரிந்தது. கழுவி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று உண்ணாமலை கேட்கிறாள். சொன்னால் உள்ளே யார் யார் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

மேலே போய்ப் பெனிட்டா அம்மாவிடம் டைரியைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். குறுக்காக ஒன்பது என்கிற இடத்தில் நிமிர்ந்தார்.

"ஐயா, எங்க ஆபீஸ்லயும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பாவ. ஆம்பிளைங்க வச்சா நாலு மூலைக்கு நாலு அப்பிட்டுப் போயிருவாவ. இது கோலப் புள்ளி எண்ணி வச்ச கைமாதிரில்லா இருக்கு?"

"எங்க மலையில ஆம்பிளைங்களுக்கும் எண்ணத் தெரியும்" என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பொறுப்பதிகாரி கமலக்கண்ணன் அறைக்கு அழைத்துப் போனார். கமலக்கண்ணன் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. கெட்ட மனிதர் இல்லை. கோப்பு என்றால் சாமி மாதிரி.

"மேடம், படிக்காத ஒரு பெரியவர் முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு சந்தனம்னு சொல்றாரு. இதை நான் எந்தக் கோப்புல வைக்கிறது? அன்னிக்கு எழுதின பதிவேட்டுல சந்தனம்னு ஒரு வார்த்தை கிடையாது."

"பதிவேடு எழுதினது நான் இல்லீங்களே" என்றேன்.

"அதான் பெரியவரே நானும் சொல்றேன். எழுதினாத்தான் சாட்சி."

"எழுத்துல ஒண்ணு இல்லன்னா அது நடக்கலன்னு ஆயிடுமாங்க? நான் பொறந்ததுகூட எங்கயும் எழுதல. எதிர்ல நிக்கறேன்."

பெனிட்டா அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கமலக்கண்ணனுக்கும் உதடு அசைந்தது. ஆனாலும் முடியாது என்றார். அப்போது பெனிட்டா அம்மா ஒரு வழி சொன்னார். அந்தப் பதினோரு ராத்திரியின் அளவுத் தாள்கள் பெட்டகத்தில் முத்திரையோடு இருக்கின்றன. பட்டியல் போடுகிற குழு முன்னால் நான் ராத்திரி ராத்திரியாகச் சொல்ல வேண்டும். பிறகு அவற்றைப் பிரிப்பார்கள். பொருந்தினால் சாட்சி. பொருந்தாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் புளி உடைக்க வேண்டியது.

சரி என்றேன். இந்த மாதிரிப் பரீட்சைதான் எனக்கு வரும்.

மார்ச் 12, புதன்

உண்ணாமலை சாமைக் களி கிண்டினாள். உப்பு போட மறந்துவிட்டாள். நாற்பத்தொன்பது வருஷத்தில் இது இரண்டாம் முறை.

மார்ச் 14, வெள்ளி

பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். பெரிய திரையில் ஆறு முகங்கள். நாலு பேர் வெளிநாடு. நான் பேசுவதைப் பெனிட்டா அம்மா இங்கிலீஷில் சொன்னார். ஆறாவது முகம் சேஷகிரி சார், பெங்களூரிலிருந்து. எண்பத்துநாலு வயது. தலை முழுக்க வெளுத்துவிட்டது, மூக்குக் கண்ணாடி மட்டும் பழையபடியே மூக்கு நுனியில். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அப்புறம் முகம் இறுகிவிட்டது.

"தட்டைச் சரிபார்த்தாச்சுன்னு பதிவேட்டுல எழுதியிருக்கேன்" என்றார் முதலிலேயே. "நட்சத்திரம் மெள்ள மெள்ளத் தெளிஞ்சுது. சுத்தியிருந்த தூசி விலகிப் போச்சு. சந்தனம்னா ஒரே மாதிரின்னா மங்கியிருக்கணும்?"

சொல்லுங்கள் என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி மூடினால் எனக்கு ஏணிப்படி காலுக்குத் தெரியும்.

"மொத நாலு ராத்திரி ஒம்போது பொட்டும் இருந்துச்சுங்க. அஞ்சாம் நாள் தட்டு கதவுல இடிச்சுது, ரெண்டு வில்லை உதிந்துச்சு. ஏழு. ஆறாம் நாள் மேகம், அளக்கவே இல்ல, சார் ரேடியோ கேட்டுக்கினு இருந்தாரு. ஏழாம் நாளும் ஏழுதான். எட்டாம் நாள் எறும்பு ஒண்ணைக் காலி பண்ணிடுச்சு. ஆறு. ஒம்போது, பத்து, ரெண்டு நாளும் ஆறு. பதினொண்ணாம் நாள் சாயங்காலம் தூறல், கூரை இடுக்கால சொட்டி ரெண்டு கரைஞ்சுது. நாலு. மறுநாள் கழுவிட்டேன்."

கமலக்கண்ணன் முத்திரையை உடைத்தார். பழைய தாள் பிரிகிற சத்தம் கேட்டது. பெனிட்டா அம்மா ஒவ்வொரு ராத்திரியாக எண்ணை வாசிக்க, ஒரு வெள்ளைக்கார அம்மா எழுதிக்கொண்டே வந்தார்.

முதல் நாலு ராத்திரி நூற்றுக்குப் பதினொன்று குறைவு. எண்பத்தொன்றில் ஒன்பது என்றால் அதுதானாம். ஐந்தாம் நாள் எட்டரை. ஆறாம் நாள் தாள் வெறுமை, மூலையில் 'மேகம்' என்று சார் கையெழுத்து. ஏழாம் நாள் எட்டரை. எட்டு, ஒன்பது, பத்து, ஏழரைக்குக் கிட்டே. பதினொன்றாம் நாள் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே.

"தூசின்னா வழுக்கிக்கிட்டு இறங்கும்" என்றார் பெனிட்டா அம்மா, எனக்காகத் தமிழில். "இது படி படியா இறங்குது. ஒவ்வொரு படியும் முழுசு முழுசா ஓட்டைக் கணக்கு. அரை ஓட்டை எங்கயும் இல்ல."

வெள்ளைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். சந்தனம் என்றால் என்ன என்று கேட்கிறாராம்.

திரையில் சேஷகிரி சாரின் பெட்டி கருப்பாகிவிட்டது. அவராக அணைத்தாரா, லைன் போயிற்றா, தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

வாக்குமூலம் வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. கமலக்கண்ணன் வீட்டுக்கே வந்தார், மைப்பெட்டியோடு. நான் ரேகை வைத்தால் போதும், செவலை பட்டியலில் ஏறிவிடும் என்றார். உண்ணாமலையைப் படிக்கச் சொன்னேன். நின்று நின்று படித்தாள்.

'பயிற்சியும் எழுத்தறிவும் இல்லாத தற்காலிகப் பணியாளரான தீர்த்தகிரி என்பவரின் கவனக்குறைவால் மறைப்புத் தட்டின் ஒன்பது துளைகள் அடைபட்டன.'

"மறுபடி படி" என்றேன். படித்தாள்.

"ரேகை கிடையாதுங்க."

"பெரியவரே, இது சும்மா ஆபீஸ் பாஷை."

"பயிற்சி இல்லாதவன் எப்படிங்க பதினெட்டு வருஷம் இருட்டுல ஏணி ஏறி உங்க கண்ணாடியில ஒரு கீறல் விழாம மாட்டினான்? கவனம் இல்லாதவனுக்கு எறும்பு தின்ன பொட்டு எப்படிங்க தெரியும்? அன்னிக்குச் சாமிக்கு வச்சாங்க. வச்சேன். அப்படின்னு எழுதுங்க. தட்டைச் சரிபாக்குற வேலை யாருதுன்னும் எழுதுங்க."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பட்டியல் மூடுறாங்க. உங்க பிடிவாதத்தால நட்சத்திரம்தான் போகும்."

"போவாது. அது அங்கயேதான் நிக்கும். நீங்கதான் வேற எடைக்கல் தேடணும்."

மைப்பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு, செவலை போய்விடுமோ என்று அவளிடம் கேட்டேன். அதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

உண்ணாமலை ஒன்று சொன்னாள். நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், இப்போது யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றாள். எதைச் சொல்லப் போகிறாய், சொல்ல என்ன இருக்கிறது என்று கத்திவிட்டேன்.

"யோவ், உன் பென்ஷனை அந்தத் தட்டுலயா கட்டித் தொங்க விட்டிருக்காங்க?"

ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சேஷகிரி சார் போன் செய்தார். உண்ணாமலைதான் எடுத்துக் காதில் வைத்தாள்.

"தீர்த்தகிரி, நன்னா இருக்கியா?"

"இருக்கேன் சார்."



"மூணு நாளா அந்தப் பழைய பேப்பரை எடுத்து வச்சுண்டு உக்காந்திருக்கேன். அதுலேர்ந்துதான் எனக்கு எல்லாம் வந்தது, தெரியுமா? வேலை, வீடு, பேர், எல்லாம். அந்தத் தூசி எத்தனை டிகிரி சூடுன்னு வேற கணக்குப் போட்டிருக்கேன்."

"சந்தனம் சார். குளிர்ச்சியாத்தான் இருந்திருக்கும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமானது.

"தட்டைச் சரிபார்த்தேன்னு எழுதினேனே, நான் பார்த்தது போன வருஷத்துக் கணக்கை. தட்டை ஒரு நாள் கூட வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கலை. நீ மாட்டினே, நான் பெருக்கிண்டே போனேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கணும்னே தோணலை."

"நானும் வாயைத் தொறக்கல சார்."

"நீ ஏன் திறக்கலைன்னு நான் கேட்கப்போறதில்லை" என்றார். "கமலக்கண்ணனுக்கு எழுதிட்டேன். நீ சொல்றபடிதான் இருக்கணும்னு. என் பங்கையும் சேர்த்துத்தான்."

மார்ச் 21, வெள்ளி

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. கமலக்கண்ணன், பெனிட்டா அம்மா இருவரும். புதுத் தாள். உண்ணாமலை படித்தாள், இன்று எங்கும் நிற்கவில்லை.

'ஆயுத பூஜை அன்று வழக்கப்படி கருவிகளுக்குச் சந்தனம் வைத்தபோது மறைப்புத் தட்டிலும் ஒன்பது துளைகளில் வைக்கப்பட்டது. வைத்தவர் தீர்த்தகிரி. தட்டை வெளிச்சத்தில் வைத்துச் சோதிக்காதது ஆய்வாளரின் பிழை. பதினோரு இரவுகளின் நிலையையும் தீர்த்தகிரி தம் நினைவிலிருந்து சொன்னார். அது அளவுத் தாள்களோடு பொருந்தியது. நட்சத்திரம் மங்கவில்லை.'

கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

ரேகை வைத்தேன். அழுத்தமாக, உருட்டாமல். மை துடைக்கக் கமலக்கண்ணன் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

"சாட்சிக்கு அம்மா ஒரு கையெழுத்து" என்றார்.

உண்ணாமலை தாளை வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டாள். எழுதினாள். இன்னும் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வரி எழுதி, அப்புறம்தான் பேனாவை மூடினாள்.

"சாட்சிக் கையெழுத்துக்கு இவ்வளவா?" என்று கமலக்கண்ணன் குனிந்து பார்த்தார். பார்த்தவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பெனிட்டா அம்மா தாளை அவர் கையிலிருந்து மெல்ல உருவிப் படித்துவிட்டு உறையில் போட்டார்.

"அனுப்பிருவோம் சார். நேரமாகுது. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். போகும்போது உண்ணாமலையின் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. பட்டியலில் செவலை முதல் வரி. அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி அந்தத் தொலைநோக்கி அதைப் பார்க்குமாம். தட்டு கிட்டு ஒன்றும் கிடையாது.

உண்ணாமலை என்கிற பெயர் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ரேஷன் அட்டையில் பார்த்திருக்கிறேன். மூன்று வரி ஆகாது. என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். சந்தனம் வைத்தது நான். குழு கேட்டாலும் நான், சாமி கேட்டாலும் நான். இதோ எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவளே கேட்டாலும் நான்தான்.